சுண்டைக்காய்ச் சொல்

நீண்டு கரடுமுரடாக நிற்கும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒரே மூச்சில் வென்றுவிடும் அகராதிக்காரர்களை, மூன்றெழுத்துச் சுண்டைக்காய்கள் அல்லவா திணறடித்துவிடுகின்றன! 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ என்னும் வினைக்கு மட்டும் 430 பொருள்களும், அவற்றை விவரிக்க ஏறத்தாழ 60,000 சொற்களும் தேவைப்பட்டன. பிற்காலத் திருத்தப் பணியில் ‘ரன்’ 645 பொருள்களோடு முந்திவிட்டது. அந்தப் போட்டியில் எனக்குச் சிரத்தையில்லை.

முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும், மோதிரத்தில் ரத்தினம் பதிப்பதும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதும், எலிக்குப் பொறி வைப்பதும், சூரியன் அஸ்தமிப்பதும் ஒரே சொல்லுக்குள் எப்படி அடங்கின என்று மலைத்திருந்த எனக்கு, ‘அமர்’ என்பதிலிருந்து நாம் ‘அமர்த்து’ என்று ஆக்கிக்கொள்வது போல, ‘செட்’ என்பது ‘சிட்’டின் பிறவினையே என்று அறிந்தபோது உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல. எலும்பும் ரத்தினமும் தத்தம் ஆசனத்தில் அமர்த்தப்படுகின்றன. சூரியன் மாத்திரம் யாருடைய உதவியுமின்றித் தானே அமர்ந்துகொள்கிறான்.

தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோ வேறு குலம். ஒரு மார்க்கத்தைப் பின்பற்றுவோரின் கூட்டத்தைச் சுட்டிய லத்தீன் ‘செக்டா’, பழைய பிரெஞ்சின் வழியே வந்து, உருவொற்றுமையால் இந்த வினையோடு உறவு கொண்டாடிவிட்டது. ஆகவே செட் தோசை கேட்கிறவர், தம்மையறியாமல், ஒரு மதப் பிரிவின் பங்காளியை இலைக்கு அழைக்கிறார். வடகலை தென்கலை வழக்குகள் கண்ட நமக்கு இது புதிதன்று.

அகராதியின் முதற்பதிப்பில் ‘செட்’ வரும் பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. ஆயினும் என் மனம் சுற்றுவதெல்லாம் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் கொட்டகையைத்தான். 1885-இல் ஆக்ஸ்போர்டின் பான்பரி சாலையில் குடியேறிய அவர், தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்ப முற்பட்டபோது, அண்டை வீட்டுக்காரரான சட்ட மேதை டைசி தம் பார்வைக்கு அது இடையூறென்று ஆட்சேபித்ததால், தரையைத் தோண்டித் தாழ்வாக அதை அமர்த்த நேர்ந்தது. அந்த ஈரத்திலும் குளிரிலும், கனத்த மேலங்கி தரித்து, காற்றுப் படாதபடி கால்களைச் சில வேளைகளில் ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வாசகர்கள் தபாலில் அனுப்பிய லட்சக்கணக்கான மேற்கோள் சீட்டுகளோடு மர்ரே மல்லாடினார். ஒருவருடைய கண்சுகத்துக்காக ஒரு பாஷையின் பொக்கிஷத்தைப் பள்ளத்தில் இறக்கிய நியாயம் எந்தச் சட்டப் புஸ்தகத்தில் இருக்கிறதோ!

1928-இல் அகராதி முற்றுப்பெற்றதை மர்ரே காணவில்லை, 1915-இலேயே காலமாகிவிட்டார். டைசி 1922 வரை, 87 வயது நிறைந்து, ஜீவித்திருந்தார்.