மஞ்சள் தாய், நீலக் குழந்தை

திருத்தணி மலைக்கோயிலின் பெருவிழாவான ஆடிக் கிருத்திகை, சரவணப் பொய்கையில் கிடந்த ஆறு குழந்தைகளுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்களின் பெயர் தாங்கிய நட்சத்திர நாளில் நிகழ்வதால், பெற்றவளுக்கு இணையாக வளர்த்தவளையும் போற்றும் தாய்மைக் கருத்து இவ்வட்டாரத்து வழிபாட்டிலேயே ஊன்றி நிற்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூரிலிருந்து புத்தூர் வழியாக வடக்கே சென்றால் அடையக்கூடிய காளத்தியில், அதே கருத்து வளர்ப்புத்தாய் யசோதையும் கண்ணனுமாகப் பருத்தித் துணியில் எழுதப்படுகிறது. கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால் கோடு இழுத்துச் சாயமேற்றும் இத்தொழில் கலம்காரி எனப்படும்.

யசோதை ஓவியம் ஒன்றை முதன்முறை பார்ப்பவருக்குத் தாயின் உடல் பொன்மஞ்சளாகவும் குழந்தையின் உடல் நீலமாகவும் தெரியும். இதில் மஞ்சள் பெண்களுக்கும் நீலம் தெய்வங்களுக்கும் உரியவை என்பது காளத்தி மரபு. எனவே நிறம் இங்கே மேனியின் சாயலைக் காட்டவில்லை, அவரவர் நிலையைக் காட்டுகிறது. எண்ணெய் ஓவியத்தில் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. வேறுபாடு நிறத்தோடு நிற்பதில்லை, பார்வையிலும் உண்டு. 1893இல் ஓவியர் ரவிவர்மா தம் மகள் மகாபிரபாவைக் குழந்தையோடு தீட்டி, அப்பா வருகிறார் என்று பொருள்படும் தலைப்பிட்ட ஓவியத்தில், தாயின் கவனம் சட்டத்துக்கு வெளியே உள்ள தந்தையின் பக்கம் திரும்பியிருக்கிறது. தாய்வழிக் குடும்ப முறையான மருமக்கத்தாயம் கேரளத்தில் சிதைந்த வரலாற்றை ஆராய்ந்த ஜி. அருணிமா தம் நூலுக்கு இவ்வோவியத்தின் பெயரையே சூட்டும் அளவுக்கு அந்தப் பார்வை பொருள் பொதிந்தது. காளத்தித் துணியிலோ வெளியே இருப்பவர் எவருமில்லை. கதைக்கு வேண்டிய அனைவரும் கட்டங்களுக்குள்ளேயே இருக்க, விளக்கம் தேவைப்படும் இடத்தில் தெலுங்கு எழுத்துகள் ஓரத்தில் வரிசையாக ஓடுகின்றன.

இந்த ஓவியத்தின் பொருளை உருவங்களிலிருந்து மட்டும் எடுக்க முயல்வது பாதி வாசிப்பே ஆகும். மீதிப் பாதி பட்டறையில் இருக்கிறது. கஞ்சி நீங்க அலசிய துணி, முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைக்கப்படுகிறது: கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாயத்தைப் பற்ற உதவ, பாலின் கொழுப்பு, கோடு இழையோடு பரவிக் கசியாமல் தடுக்கிறது. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவரை இட்டபின், வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் நீரில் பல நாள் புளிக்கவைத்து எடுத்த கசிமி என்னும் கரைசலைக் கலத்தில் தோய்த்துக் கோடு இழுப்பர். கலத்தின் நுனிக்குச் சற்று மேலே சுற்றியுள்ள கம்பளி அல்லது துணிப் பொதியில் கரைசல் தேங்கி நிற்க, கைவிரல் அழுத்தத்துக்கேற்ப அது இறங்குகிறது. துணியிலுள்ள துவர்ப்பும் கரைசலிலுள்ள இரும்பும் சேர்ந்த கணத்தில்தான் கோடு கறுக்கிறது.

சிவப்பின் வழி இதைவிட வியப்பானது. சிவப்பு வேண்டிய இடங்களில் பூசப்படுவது ஏறக்குறைய நிறமற்ற படிகாரக் கரைசல். துணியை அலசிச் சாயவேர் போன்ற செஞ்சாயப் பொருள்களோடு கொதிக்கவைத்த பின்னரே படிகாரம் பட்ட இடம் சிவக்கிறது. அதாவது, தொழிலாளி சிவப்பைக் கண்ணால் காணாமலே அதற்குரிய எல்லையை வகுத்துவிடுகிறார். மறுபடி பாலில் தோய்த்துக் காயவைத்தபின் கடுக்காய்ப்பூவிலிருந்து மஞ்சளும், அதன்பின் அவுரியிலிருந்து நீலமும் ஏற்றப்படுகின்றன. இலைப்பச்சை வேண்டுமானால் மஞ்சளின்மேல் நீலம் பூசவேண்டும். ஆக, பின்னணிச் சிவப்பும் நகைகளின் கோடும் முடிந்து, தாயும் சேயும் கடைசியில்தான் உடல் பெறுகிறார்கள்.

இந்த வரிசையை அறியாமல் பழந்துணிகளுக்கு விளக்கம் எழுதுவது ஆபத்தானது. படிகாரம் பற்றிய சிவப்பு ஒளியையும் அலசலையும் நெடுங்காலம் தாங்க, கடுக்காய்ப்பூ மஞ்சளோ விரைவில் வெளிறுகிறது. பழைய கலம்காரிகளில் இலைகள் நீலமாகத் தெரிவதற்கு மஞ்சள் போய் நீலம் மட்டும் எஞ்சியதே காரணம். ஆகவே வெளுத்த மேனியோடு நிற்கும் யசோதையைக் கண்டு, ஓவியர் அவளை வெண்ணிறத்தவளாகக் கருதினார் என்று முடிவுகட்டினால், சாயத்தின் வயதை ஓவியரின் கருத்தாகப் படித்ததாகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நலிந்திருந்த இத்தொழிலுக்கு, கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957இல் அகில இந்தியக் கைவினை வாரியம் காளத்தியில் தொடங்கிய பயிற்சி மையம் புத்துயிர் அளித்தது; அங்கிருந்து உருவான மரபின் முதன்மைக் கலைஞரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். விருதின் வெளிச்சம் கோடு இழுப்பவர்மேல் விழுவது நியாயமே. ஆனால் வண்ணம் நிரப்புபவர், அலசுபவர், கொதிகலனுக்கு விறகிட்டுக் கிளறுபவர் ஆகியோர் ஓவியத்தில் எந்த அடையாளமும் இல்லாதவர்கள். நிரப்பும் வேலையில் பெண்கள் மிகுதியாக இருப்பதால், மஞ்சள் தாய்க்கு மேனி தருவது பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாத ஒரு பெண்ணின் கை என்றே கொள்ளலாம். ஓடும் நீரில் அலசினால்தான் மிகைச்சாயம் பிற இடங்களில் ஒட்டாமல் நீங்கும்; காளத்தியின் சுவர்ணமுகி ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதில்லை என்பதால் இவ்வேலை தொட்டிநீருக்கு மாறும்போது, அதன் சுமையும் அலசுபவர்கள்மேல்தான் ஏறுகிறது.

திருத்தணிக்கு வந்து காளத்திக்கும் செல்லும் பயணிகள் யசோதை துணி வாங்க விரும்பினால், முதலில் அதைத் திருப்பிப் பார்க்கவேண்டும்: இழைக்குள் இறங்கிய சாயம் பின்புறமும் தெளிவாகத் தெரியும், அச்சிட்ட போலியில் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். பிறகு, கோடு இழுத்தவர் பெயரோடு வண்ணம் நிரப்பியவர் பெயரையும் சீட்டில் எழுதித் தருமாறு விற்பவரிடம் கேட்கவேண்டும்.