மடக்கினால் ஸ்லேட்டு, விரித்தால் லேப்டாப் (பட்ஜெட்: 35 ஆயிரம்!)

ஸ்ரீரங்கத்துக்கும் லேப்டாப்புக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 2011 தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்துத்தான் ஜெயலலிதா முதல்வர் ஆனார். அதே வருடம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பம். எல்காட் டெண்டர் விட்டு லட்சக்கணக்கில் வாங்கியது. எத்தனையோ வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம், அரசு வாங்கிய விலை சுமார் 50 டாலர். ஆஹா ஓஹோ என்று பேப்பரில் எல்லாம் வந்தது. தொட்டால் போதாது, அழுத்த வேண்டும்... அப்படி ஒரு டச் ஸ்கிரீன்! மாணவனுக்கு என்ன கொடுப்பது என்ற ஒரே கேள்விக்கு சென்னை கீபோர்டு என்றது, டெல்லி டச் என்றது. ஆகாஷ் சீக்கிரமே பேச்சில்லாமல் போனது. மலிவு விலையில் டச் என்றால் அந்த டச்சுக்காக மற்ற எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார்கள் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

அதே கேள்வி பதினாலு வருடம் கழித்துத் திரும்ப வந்தது. 2025 மார்ச் 14 அன்று தமிழக பட்ஜெட்டில் தங்கம் தென்னரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார். அந்த "அல்லது" இருக்கிறதே, அதுதான் இங்கே விஷயம். எனக்கு "அல்லது" வேண்டாம், இரண்டும் ஒன்றாகவே வேண்டும் என்பவர்களுக்காக ஒரு சாதி லேப்டாப் இருக்கிறது. கன்வெர்டிபிள். கீல் முழுசாகப் பின்னால் திரும்பும், மடக்கினால் ஸ்லேட்டு.

அடையவளஞ்சான் வீதிப் பக்கம் ஒரு பி.காம். இரண்டாம் வருட மாணவிக்கு அந்த ஆசை வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்லூரி. மத்தியான ஷிப்ட், அதாவது சுயநிதிப் பிரிவு. 2011 திட்டத்திலேயே சுயநிதி வகுப்புகளுக்கு லேப்டாப் கிடையாது. காலையில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு உண்டு, மத்தியானம் அதே பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு இல்லை! புது அறிவிப்பில் தன் பெயர் வருமா வராதா என்று காத்துக்கொண்டிருக்க அவள் தயாராக இல்லை.

கையில் இருந்தது 35,000 ரூபாய். அம்மா பிளவுஸ் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம். அதிலேயே சி.எம்.ஏ. பதிவுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும். ஆக லேப்டாப்புக்கு முழுசாக 35 கூட இல்லை.

"எல்லாரும் சாதா லேப்டாப்பு வெச்சுதானடி படிக்கறாங்க? ஒனக்கு மட்டும் என்ன மடங்கறது?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

அவளிடம் பதில் இருந்தது. அக்கவுண்டன்சியை டைப் அடிக்க முடியாது. பார்ட்னர்ஷிப் கணக்கில் ரீவேல்யுவேஷன், கேப்பிட்டல் அக்கவுண்ட் என்று சார் போர்டில் போகிற வேகத்துக்கு எக்செலில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தால் பாதி கணக்கு போய்விடும். பேனாதான் வேண்டும். இன்னொரு பக்கம் டேலி படிக்காமல் பி.காம். முடித்து வேலைக்குப் போக முடியாது. டேலி ப்ரைம் ஓட விண்டோஸ் வேண்டும், அதுவும் 64 பிட். பேனாவுக்கு டேப்லெட், டேலிக்கு லேப்டாப். இது ஃபேஷனுக்குக் கேட்கிற ஆசை இல்லை.

இந்த ஒரு வரியிலேயே பாதி சரக்கு கழிந்துவிட்டது. மடங்கும் க்ரோம்புக்குகள் விலை கம்மிதான், ஆனால் டேலி ஓடாது. கீபோர்டு உறையோடு வரும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் அதே கதி.

புது விண்டோஸ் கன்வெர்டிபிள் பார்க்க தில்லைநகர் சாஸ்திரி ரோடு ஷோரூம்களில் ஏறி இறங்கினாள். 35,000-க்கு ஒரு லேப்டாப் வாங்கினால் அதில் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 5,339 ரூபாய். மீதி 29,661-க்குள்தான் கம்பெனி, கடைக்காரர், கீல், டச், பேனா எல்லாம் அடங்க வேண்டும். எங்கே அடங்கும்? லெனோவோ ஐடியாபேட் டி330 என்று ஒன்று வந்தது, கீபோர்டைக் கழற்றிவிடலாம். ஆனால் உள்ளே செலரான் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 10 அங்குலத் திரை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபிதான். அதாவது வாசலைத் தாண்டலாம், உள்ளே உட்கார இடம் இருக்காது :) பிரவுசரில் நாலு டேப், பக்கத்தில் எக்செல், அதற்கு மேல் டேலி என்றால் மூச்சு முட்டும். இந்த வகையில் ரேம் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்கிற சமாதானமும் செல்லாது.

நல்ல கன்வெர்டிபிள் வேண்டுமானால் ஷோரூமில் காட்டியது ஐம்பதுக்கு மேல். "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்குங்க மேடம்" என்றார்கள். காமர்ஸ் படிக்கிற பெண்ணிடம்! பூஜ்ய வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்கப்புறம் வந்த நோ காஸ்ட்டில் வட்டி உண்டு, அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். வட்டி மேல் வங்கி போடுகிற 18 சதவீத ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் கட்டணமும் வாங்குபவர் தலையில். முழுப்பணம் கொடுப்பவர் அந்தத் தள்ளுபடியைத் தனக்கும் கேட்டுப் பார்க்கலாம். அவள் கேட்டாள். கொடுக்கவில்லை.

அப்புறம்தான் பழைய லேப்டாப். இங்கே வகுப்பில் படித்த தேய்மானம் உதவிக்கு வந்தது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குக் குறைந்து செல் மதிப்பில் 40 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப் முதல் வருடம் 60,000, அப்புறம் 36,000, 21,600, 12,960, ஐந்தாம் வருடம் முடிவில் 7,776! புத்தகத்தில் மதிப்பு இப்படிக் கரைவதால் பெரிய கம்பெனிகள் நாலைந்து வருடத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. பொருள் அதே வேகத்தில் கரைவதில்லை. ஒரு லட்சத்துக்கு விற்ற அலுவலக லேப்டாப்பின் கீலும் கீபோர்டும் 35 ஆயிரம் ரூபாய் புது லேப்டாப்பில் கிடைக்காது. (வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்று: பழைய பொருள் வியாபாரி, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டலாம். விதி 32(5). இன்புட் கிரெடிட் எடுத்திருக்கக் கூடாது.)

சத்திரம் பக்கம் ஒரு மாடிக் கடை. படிக்கட்டு முழுக்க அட்டைப் பெட்டி. கடைக்காரர் இரண்டு திங்க்பேட் யோகாக்களை மேஜையில் வைத்தார். ஒன்று யோகா 370, இன்னொன்று எக்ஸ்380 யோகா. இரண்டும் 13.3 அங்குலம், இரண்டிலும் பேனா உடம்புக்குள்ளேயே செருகி இருக்கும், அங்கேயே சார்ஜ் ஆகிக்கொள்ளும். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. விலையில் ஆறாயிரம் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா, கம்மி விலையில எடுத்துக்க. படிக்கிற புள்ள, எதுக்கு வீணா செலவு பண்ற?"

"இல்லண்ணே, இது ஏழாம் ஜெனரேஷன். விண்டோஸ் 11 லிஸ்ட்ல வராதே."

அண்ணன் சிரித்துவிட்டார். விஷயம் இதுதான். இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 11-க்கு ஒப்புக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால்தான் ஏழாம் தலைமுறைச் சரக்கு கொள்ளை மலிவாகக் கிடைக்கிறது. குறுக்கு வழியில் 11 ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் அதற்கு அப்டேட் உத்தரவாதம் கிடையாது. பேங்க் பாஸ்வேர்டு அடிக்கப்போகிற மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அந்தக் கடையில் அவள் செலவழித்தது ஒன்றரை மணி நேரம். பேனாவை ஸ்கேலில் அண்டக் கொடுத்து, திரையில் மூலைக்கு மூலை ரொம்ப மெதுவாக ஒரு கோடு. பேனாவோ திரையோ சரியில்லை என்றால் கோடு பாம்பு மாதிரி நெளியும். அப்புறம் உள்ளங்கையைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு முழு லெட்ஜர் அக்கவுண்ட். கை பட்ட இடத்தில் புள்ளி விழக்கூடாது. மூடியை நாலு கோணத்தில் நிறுத்தி மேஜையைத் தட்டிப் பார்த்தாள், கீல் தளர்ந்திருந்தால் தலை ஆட்டும். டச் கண்ணாடியின் நாலு ஓரத்தையும் விரலால் தடவினாள். கன்வெர்டிபிளில் கண்ணாடியும் திரையும் ஒட்டியே வருவதால் ஒரு விரிசல் என்றாலும் மொத்தமாக மாற்ற வேண்டும். சாதா லேப்டாப் திரையை விட அது நல்ல செலவு. கடைசியாக பேட்டரி. விண்டோஸே ஒரு பேட்டரி ரிப்போர்ட் கொடுக்கும். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண். இரண்டாவது எண் முதலாவதில் அறுபது சதவீதம்தான் இருந்தது.

பேரம் அங்கே ஆரம்பித்தது. அதுவரை பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தார். "பேட்டரி செத்துப் போச்சுன்னா மாத்தித் தாங்க, இல்லாட்டி கொறைங்க தம்பி. துணியில ஓட்டை இருந்தா நான் தெச்சு குடுத்துட்டு காசு வாங்க முடியுமா?" 2,500 குறைந்தது. பில் போட்டு, மூன்று மாத வாரண்டியைக் கையால் எழுதி, சீல் வைத்து 24,500. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். இதிலும் ரேம் சால்டர்தான், கூட்ட முடியாது. தெரிந்தே வாங்கினாள்.

குறை இல்லாமல் இல்லை. எடை 1.4 கிலோவுக்கு மேல். மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி படிப்பதெல்லாம் விளம்பரத்தில்தான் நடக்கும். பேட்டரி வீட்டுக்கும் கல்லூரிக்குமாக ஒரு மத்தியானம் தாங்குகிறது, அவ்வளவே. பரீட்சை என்னவோ இன்னும் காகிதத்தில்தான் என்பதால், செமஸ்டர் நெருங்கும்போது லாங் சைஸ் நோட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். டேலியை எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் போட்டுப் பழகுகிறாள். மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும், பழக அது போதும்.

பேனாவை அதிகமாகப் பயன்படுத்துவது இப்போது அம்மா. பிளவுஸ் கொடுக்க வருபவர்களுக்கு கழுத்து டிசைனை அதில் வரைந்து காட்டுகிறார். போட் நெக்கா, பானை கழுத்தா என்று அங்கேயே அழித்து அழித்து வரைகிறார். வந்தவர்கள் அளவு கொடுப்பதை மறந்து வேடிக்கை பார்க்கிறார்களாம். மாற்று முள் ஒரு பாக்கெட் வாங்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.