சொன்ன எடையும் கண்ட எடையும்

மத்திய அரசு ஊழியரின் பணிப்பதிவேட்டில், பிறந்த தேதி, அங்க அடையாளம் முதலியவற்றோடு உயரத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. காலணியின்றி அளந்து கண்ட சரியான உயரத்தை அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை வகுத்தவர் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். கேட்டு எழுதுக என்று அவர் விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய ஏடுகளோடு காலம் கழிக்கும் நமக்கு, அந்தக் கட்டத்தின்மீது தனி மரியாதை உண்டு.

உயரமும் எடையும் கேட்டால் மனிதர் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வாளர்கள், முதலில் கேட்டும் பின்னர் அளந்தும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆண்கள் உயரத்தைச் சற்றே கூட்டுகிறார்கள். பெண்கள் எடையைச் சற்றே குறைக்கிறார்கள். முதியோர், முதுகெலும்பு தேய்ந்து குறுகிய பின்னும், இளமையில் இருந்த உயரத்தையே சொல்கிறார்கள். மிக மெலிந்தவர் எடையைக் கூட்டிச் சொல்வதும் உண்டு. எண்களோ பெரும்பாலும் 0, 5 ஆகிய இலக்கங்களில் வந்து முடிகின்றன. நம்மவர் கல்யாணக் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

இவற்றையெல்லாம் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பலர் கடைசியாக என்றோ பார்த்த எண்ணைத் தம் பெயரைப்போல் நம்பிச் சொல்கிறார்கள், அவ்வளவே. ஆனால் கணக்கு இரக்கம் காட்டாது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது உடல் நிறை குறியீடு. 165 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 25.7; பருமன் மிகுந்தவர் என்பதற்கான 25 என்ற எல்லையைத் தாண்டியவர். அவரே 168 என்றும் 68 என்றும் சொல்லிவிட்டால் 24.1, எல்லைக்குள் வந்துவிடுகிறார். மூன்று சென்டிமீட்டரும் இரண்டு கிலோவும் ஒரு நோய் அபாயத்தையே மறைத்துவிடுகின்றன.

அமெரிக்காவில் தொலைபேசியில் கேட்டே நடத்தும் ஆய்வும் உண்டு. அளந்து பார்க்கும் ஆய்வும் உண்டு. நம் நாட்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு அளக்கும் வழியையே பின்பற்றியது. அதன் முதற்சுற்றில், 1992-93-இல், உயரம் அளக்கும் பலகை உரிய காலத்தில் கிடைக்காமையால் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் குழந்தைகளின் எடை மட்டுமே எடுக்கப்பட்டது. கேட்டு எழுதி இட்டு நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டார்கள். குமாஸ்தாவின் கண்ணுக்கு அது நேர்மையான வெற்றிடம். 2019-21 சுற்றில் தில்லியிலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பருமன் மிகுந்தவர்கள் என்று தெரியவந்ததும் அளந்ததனால்தான்.

நம் மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தபோது, குடியிருப்புக்கு நலக் கணக்கெடுப்பாளர் இருவர் வந்தனர். எடை எவ்வளவு என்ற கேள்விக்கு, "அறுபத்திரண்டு" என்று தயங்காமல் விடையளித்தார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் சொல்லிவந்த எண் அது. அந்தப் பெண்மணி புன்னகையோடு எடைக்கருவியைத் தரையில் வைத்தார். 53 காட்டியது.

"மாப்பிள்ளே, மிஷினில் ஏதோ கோளாறு," என்றார் அவர். நாம் ஏறி நின்றோம். முந்தின வாரம் மருந்தகத்தில் கண்ட எடையையே காட்டியது. அவர் மறுபடி ஏறினார். மீண்டும் 53. வேட்டியை இறுக்கிக் கட்டுவது வயதின் இயல்பு என்று எண்ணியிருந்தார். இரவில் பலமுறை எழுவதையும் அப்படியே எண்ணியிருந்தார். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் நெடுநாளாகக் கவனியாது விட்ட சர்க்கரை வெளிப்பட்டது. மருந்து தொடங்கி ஓராண்டில் 57-க்கு வந்தார். இன்று எடை கேட்டால், "எப்போது பார்த்தது?" என்று திருப்பிக் கேட்கிறார்.

நம் சங்க மண்டபத்தில் மருத்துவ முகாம் நடக்கும்போது, பெயர்ப் பதிவு மேசைக்கருகிலேயே எடைக்கருவியும் சுவரில் அளவுகோலும் இருக்கட்டும் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். கருவி சமதரையில் இருக்க வேண்டும், விரிப்பின்மேல் அன்று. காணும் எண்ணைத் தொண்டர் உரக்கப் படிக்காமல் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நம் தாய்மார்களும் வரிசையில் நிற்பார்கள்.