பொன்னும் முகமும்

முகலாய அரசவை உருவப்படங்களில் காண்போரின் கண்ணை முதலில் பற்றுவது பொன்னே என்றாலும், அவற்றின் அருமை பொன் தீண்டாத முகத்தில்தான் தங்கியிருக்கிறது. அக்பர் தாமும் அமர்ந்து படம் எழுதச் செய்து, தம் அரசின் பெருமக்கள் அனைவரின் உருவங்களையும் பெருந்தொகுப்பாக்கினார் என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் பதிவுசெய்துள்ளார். அக்காலத்து ஏட்டுச் சித்திரங்களின் ஓரக்குறிப்புகள், கோட்டுருவை ஒருவரும் வண்ணத்தை வேறொருவரும் கவனிக்க, முகங்களை எழுதுவதற்கென்றே சில வேளைகளில் தனி ஓவியர் அமர்த்தப்பட்டதைக் காட்டுகின்றன. முகம் அத்துணைப் பொறுப்புள்ள வேலையாக மதிக்கப்பட்டது.

தாள்கள் பலவற்றைப் பசையிட்டு ஒட்டிய ‘வஸ்லி’ என்னும் கெட்டித்தாளை அகீக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, பிசினில் குழைத்த, ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஏற்றுவது முகலாய ஓவியர்களின் முறை. தங்க ரேக்கை நுண்பொடியாக அரைத்துப் பிசினோடு சேர்த்துத் தூரிகையால் பூசி, காய்ந்தபின் மெருகேற்றினர். அணிகலன்களில் கூர்முனையால் குத்திப் புள்ளிகள் பதித்தமையால், ஏட்டை அசைக்கும்போது அவ்விடங்கள் மின்னுகின்றன. ஜஹாங்கீர் காலத்தில் (1605–1627) ஐரோப்பியப் படங்களைக் கண்டு எடுத்துக்கொண்ட ஒளிவட்டமும் சேர, பொன் பதவியின் மொழியாயிற்று. முகமோ, அணில் மயிர்த் தூரிகையின் இழைகளால், தாடியின் நரையும் கண்ணடித் தளர்ச்சியும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டது.

இந்த நேர்மையின் எல்லையை 1618இல் எழுதப்பட்ட இனாயத் கானின் படத்தில் காணலாம். அபினியாலும் மதுவாலும் உருக்குலைந்து, பல்லக்கில் சுமந்துவரப்பட்ட அந்த அதிகாரியைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், அவரை வரையுமாறு ஓவியர்களுக்கு ஆணையிட்டதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். கோட்டோவியம் பாஸ்டனிலும் வண்ணப்படம் ஆக்ஸ்ஃபோர்டிலும் உள்ளன. விலா எலும்புகள் எண்ணத்தக்கனவாய், பெருந்தலையணைகளில் சாய்ந்திருக்கும் அவ்வுடலை அரசனின் ஆர்வம் காட்சிப்பொருளாக்கியது என்று குறைகூற இடமுண்டு. ஆயினும் ஓவியரின் கோட்டில் ஏளனமோ மிகையோ சிறிதுமில்லை.

ஷாஜஹான் காலத்தில் பொன் பெருகியது, நிற்கும் பாங்கும் விறைத்தது. எனினும், அவருடைய ஆட்சி வரலாறாகிய, இன்று விண்ட்சரில் உள்ள ‘பாதுஷாநாமா’ ஏட்டின் அரசவைக் காட்சிகளில், நெருக்கியடித்து நிற்கும் பிரபுக்களின் முகங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமையால், பெயர் பொறிக்கப்படாதவர் பலரையும் பிற படங்களோடு ஒப்பிட்டு இன்னாரென்று அடையாளம் காண முடிந்திருக்கிறது.