கேட்டுச் செய்யும் தொண்டு

தென்காசியில் கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், எஞ்சிய நாட்கள் பிறருக்குப் பயன்பட வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று. தென்காசிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில், விடுதிப் பிள்ளைகளுக்கு வாரம் இரு நாள் மாலை வேளையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சென்றேன்.

அச்சங்கத்தின் வரலாற்றை நம் பகுதியினர் நன்கு அறிவர். ஆய்க்குடியைச் சேர்ந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975ஆம் ஆண்டு கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் பங்கேற்றபோது தவறி விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர் அவர்களின் பெயரால் 1981இல் அவர் தொடங்கியதே இச்சங்கம். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. படுக்கையில் இருந்தபடியே ஆயிரமாயிரம் பேரை எழுந்து நிற்கச் செய்தவர் அவர்.

அங்குதான் அந்த மாணவனைக் கண்டேன். பத்தாம் வகுப்பு. பிறவியிலேயே கால்கள் இயங்காதவன். சக்கர நாற்காலியே அவனுக்குத் துணை. கணக்கில் கூர்மை மிகுந்தவன். உயரமும் தொலைவும் பற்றிய பாடம் நடந்த நாளில், "தாத்தா, தென்காசிக் கோபுரத்தோட உயரத்தை அதோட நிழலை வச்சே கண்டுபிடிச்சிடலாமா?" என்று கேட்டான். "கண்டுபிடிக்கலாம். நீ அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறாயா?" என்றேன். "பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கேன்" என்றான்.

என் மனம் இளகிவிட்டது. விடுதியாரிடம் அனுமதி பெற்று, இளைஞர் ஒருவர் துணையுடன் அவனைக் காசி விசுவநாதர் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றேன். பராக்கிரம பாண்டியர் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் அது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்று, பின்னர் ஒன்பது நிலைகளுடன் புதிதாக எழுப்பப்பட்டு, 1990இல் குடமுழுக்குக் கண்டது.

தீபாராதனை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சுவாமி தரிசனம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் நாற்காலியை விரைந்து தள்ளினேன். கோபுர வாயிலைக் கடந்ததும் அவன் சக்கரங்களை இரு கைகளாலும் இறுகப் பற்றி நிறுத்திவிட்டான்.

"தாத்தா, கொஞ்சம் நில்லுங்க. என்னைக் கேட்காமலே தள்ளிக்கிட்டுப் போறீங்களே! இந்தக் காத்து எந்த இடத்துல திரும்புதுன்னு நான் பார்க்கணும்."

கோபுரத்தைக் கடந்து செல்வோரை முதலில் காற்று எதிர்த்துத் தள்ளுவதும், சில அடிகள் சென்றதும் அதே காற்றுப் பின்னிருந்து உள்ளே அழைப்பதும் அவ்வாலயத்தின் அற்புதம். அதனைப் பற்றி அவனிடம் சொன்னவனே நான்தான். அதைக் கண்டறிவதற்காகவே அவன் வந்திருக்கிறான். நானோ என் விருப்பத்தை அவன்மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"மன்னித்துக்கொள் தம்பி" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தானே சக்கரங்களை உருட்டி முன்னும் பின்னுமாகப் போய் வந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தங்கையின் நினைவு வந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பிப் போனவள். எங்கள் வீட்டுச் சன்னல் வழியாக மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தபடியே வளர்ந்தாள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது நாங்கள் அனைவரும் அருவிக்குப் புறப்படுவோம். ஐந்து கிலோமீட்டர்தான். "அவளுக்குச் சிரமம், பாவம்" என்று கூறி அத்தையின் துணையில் விட்டுச் செல்வோம். ஈரத் துணியுடன் நாங்கள் திரும்பும்போது, "தண்ணி நல்லா விழுதா அண்ணா?" என்று மட்டும் கேட்பாள். "நீயும் வருகிறாயா அம்மா?" என்று நாங்கள் ஒருவரும் ஒரு முறையேனும் அவளைக் கேட்டதில்லை. புதிய கோபுரம் எழும்புமுன்பே அவள் இறைவனடி சேர்ந்தாள். நாங்கள் அவளிடம் காட்டியது அன்புதான். ஆயினும் கேளாத அன்பு.

அடுத்த வாரம் அம்மாணவனிடம், "எங்கேனும் செல்ல விருப்பமா?" என்று கேட்டேன். "குற்றாலம்" என்றான். குற்றாலநாதர் ஆலயத்தின் அருகே பேரருவி பெருகிக்கொண்டிருந்தது. "தூக்கிச் சென்று அருவியில் நனைக்கட்டுமா?" என்றேன். "வேண்டாம் தாத்தா. சாரலே என்னைத் தேடி வருதே!" என்று முகத்தை நிமிர்த்திக் கண்களை மூடிக்கொண்டான். அவன் நெற்றியில் விழுந்த அதே சாரல் என்மேலும் விழுந்தது. என் கண்ணீர் அதில் கலந்து மறைந்தது நல்லதாயிற்று.

ஆய்க்குடியில் பாலசுப்பிரமணிய சுவாமி எழுந்தருளியிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். மழலை வரம் வேண்டியோர் வேண்டுதல் நிறைவேறியதும், அனுமன் நதிப் படியில் பாயசம் வார்ப்பர். பிள்ளைகள் அதனை உண்பர். அப்பிள்ளைகளின் வடிவில் முருகனே வந்து உண்பதாக ஐதீகம். ஒரு நாள் அவனோடு அங்கே நின்றிருந்தேன். கீழே பிள்ளைகள் ஆரவாரத்துடன் படியில் குனிந்திருந்தனர். ஒரு கிண்ணத்தில் பாயசம் வாங்கி வர எழுந்த என் கால்கள் தாமே நின்றன.

"உனக்கு எப்படி வேண்டும் தம்பி?"

"என்னைக் கீழே இறக்கி விடுங்க தாத்தா. நானும் படியிலேயே சாப்பிடறேன்."

இருவர் துணையுடன் அவனை இறக்கிப் படியில் அமர்த்தினோம். மற்றப் பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தனர். கல்லில் வழிந்த பாயசத்தைக் கையால் வழித்து உண்டு, முகமெல்லாம் இனிப்புடன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

தாம் எழுப்பிய ஆலயத்திற்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால், அதனைச் சீர்செய்வோரின் அடிகளைத் தாம் இப்போதே பணிவதாகப் பராக்கிரம பாண்டியர் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். கொடுக்கும் இடத்தில் இருந்தும் பணிந்த மன்னர் அவர். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வாழ்ந்த எனக்கு, கேட்க வேண்டிய கேள்வி எதுவென்று ஒரு மாணவன் கற்பித்தான். நம் இல்லங்களிலும் சன்னலோரம் அமர்ந்திருப்போர் இருக்கக்கூடும். இந்த வாரம் ஆலயத்திற்குப் புறப்படுமுன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் புறப்படுவோமாக.