குதிரை மேலேருந்து குட்டிகளைப் பிடித்த கதை (கேமராவில்தான்!)

ஆபீஸ் சுழல்நாற்காலியைத் தவிர வேறெதிலும் ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல உக்கார்ந்து பழக்கமில்லாத பொட்டி தட்டுற ஆளு நான். ஆனாலும் அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் போறதுன்னு முடிவானதும், குதிரையில போய்த்தான் குட்டிகளைப் படம் பிடிக்கணும்னு ஒரு ஆசை. போன ஜூன், டவர்-ரூஸ்வெல்ட் பக்கம். நாங்க எட்டு பேரு, கூட்டிட்டுப் போக ஒரு கைடு அம்மா. ஏன் ஜூன்னா, பைசன் கன்னுங்க பெரும்பாலும் ஏப்ரல், மேயில பிறக்கும். எல்க் மான் குட்டிங்க மே கடைசி, ஜூன்ல. ரெண்டையும் பார்த்துடலாம்னு ஒரு கணக்கு.

மொதல்ல டெக்னிக்கல் மேட்டர். குதிரை நின்னாலும் அது நிக்கிறதில்லைங்க. மூச்சு விடும், வாலைச் சுழட்டும், ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்கும். அத்தனையும் லென்ஸ்ல தெரியும். அதனால ஷட்டர் ஸ்பீடை 1/1000-க்குக் கீழ இறக்கவே இல்லை. ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். 70-300 லென்ஸ் ஒண்ணுதான். ஒரு கை கடிவாளத்துக்கே போயிடறதால மேல உக்காந்து லென்ஸ் மாத்தறதெல்லாம் ஆகாத காரியம். கேமரா பையில வெல்க்ரோ இருந்தா ஏறுறதுக்கு முன்னாடியே பிரிச்சு வெச்சிடுங்க. அந்த 'பர்ர்ர்' சத்தத்துக்குக் குதிரை மிரளுமாம். (என் குதிரைக்கு மட்டும் புல்லைத் தவிர உலகத்துல வேற எதுவும் பொருட்டில்லை. நான் ஃபோகஸ் பண்ணும்போதுதான் அதுக்குப் பசிக்கும்!)

பைசன் கூட்டம் நல்ல தூரத்துல. குட்டிங்க செங்கல் கலர்ல இருக்கு, 'ரெட் டாக்'னு செல்லப் பேரு. பிறந்த ரெண்டு மூணு மணி நேரத்துலயே கூட்டத்தோட ஓட ஆரம்பிச்சிடுமாம். படம் சுமார்தான்.

திரும்பி வர்ற வழியிலதான் அந்த எல்க் குட்டி. பாதையிலேருந்து பதினைஞ்சு அடி இருக்கும், சேஜ் புதர் ஓரமா, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, கழுத்தை நீட்டித் தரையோட தரையாக் கிடந்தது. கண்ணு மட்டும் திறந்திருக்கு. தாயைக் காணோம். கூட வந்த ஒருத்தர், "ஐயோ பாவம், அநாதையா விட்டுட்டுப் போயிடுச்சு போல, இறங்கிப் பார்க்கலாமா?"ன்னார்.

கைடு அம்மா கையைத் தூக்கினாங்க. யாரும் இறங்கக் கூடாது, நிக்கவும் கூடாது.

விஷயம் இதுதான். பிறந்த புதுசுல எல்க் குட்டியால வேகமா ஓட முடியாது. உடம்புல வாசனையும் ரொம்பக் கம்மி. அசையாமக் கிடக்கிறதுதான் அதுக்குப் பாதுகாப்பு. தாய் பக்கத்துலயே நின்னா கரடிக்கும் ஓநாய்க்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அதனால தள்ளிப் போய் மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். நாம நின்னா வராது, இல்லைன்னா நம்மளைத் தாக்க வரும்.

பரிதாபப்பட்டவங்க அங்க என்ன செஞ்சிருக்காங்கன்னு தெரியுமா? 2016-ல குளிருதுன்னு நினைச்சு ஒரு பைசன் கன்னைக் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாங்க. 2023-ல லமார் ஆத்துல தாயைப் பிரிஞ்ச கன்னை ஒருத்தர் கரையில தள்ளி ஏத்திவிட்டார். ரெண்டையும் கூட்டம் திரும்பச் சேர்த்துக்கலை. கார் பின்னாடியும் மனுஷங்க பின்னாடியும் சுத்த ஆரம்பிச்சதால, பார்க் ஊழியர்களே கொல்ல வேண்டியதாப் போச்சு. கெட்ட எண்ணம் கிடையாது, அதான் கொடுமை. பைசன், எல்க்லேருந்து 23 மீட்டர், கரடி, ஓநாய்லேருந்து 91 மீட்டர் தள்ளி நிக்கணும்னு சட்டமே இருக்கு.

கைடு அம்மா குதிரையை மேட்டுப் பக்கம் திருப்ப, மத்ததெல்லாம் வரிசையாப் பின்னாடி. என் குதிரையும் அதிசயமா அந்த ஒரு தடவை புல்லுக்குக் குனியலை. போற போக்குல அமுக்கினது நாலு ஃப்ரேம். மூணுல வெறும் புதர். ஒண்ணுல ஒரு காதும் ஒரு கண்ணும்.

அஞ்சாவது, மேட்டுலேருந்து எடுத்தது. அதுல குட்டி இல்லை. எதிர்ச் சரிவுல ஒரு எல்க், கழுத்தை நிமிர்த்தி, நாங்க எப்போ தொலைவோம்னு பார்த்துக்கிட்டு நிக்குது.