அப்பா நிறுத்திய இடம்

"கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே ஆக்கிக் கொடுடி."

அம்மா என் கையில் திணித்தது அப்பாவின் ஐபாட். 2005-ல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை மாடல், 30 ஜிபி. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. சாயங்கால வாக்கிங்கில் அதைக் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது.

நான் படித்தது ஜர்னலிசம் டிப்ளமோ. ஆனால், 'டிஜிட்டல் டெஸ்க்'கில் வேலை என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் டிவி ரிமோட் முதல் வைஃபை வரை எல்லாம் என் தலையில்தான்!

காலேஜ் படிக்கும்போது அண்ணன் அந்த ஐபாடில் 'ராக்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளை ஏற்றிவிட்டான். அதன்பின் ஐடியூன்ஸே வேண்டாம். பென் டிரைவ் மாதிரி ஃபோல்டரை இழுத்துப் போட்டால் போதும், பாடும். அப்பாவுக்கு அது வசதி. அம்மாவுக்கோ அந்தப் பொடி எழுத்தும் மெனுக்குள் மெனுவும் தலைவலி.

ஆன் ஆகும்போது ஹோல்டு பட்டனைத் தள்ளினால் ஆப்பிளின் பழைய மெனு வரும். தள்ளிப் பார்த்தேன். வந்தது. ஆனால், ஒரு பாட்டுகூட இல்லை. பயந்துபோய் கம்ப்யூட்டரில் சொருகினால் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஐடியூன்ஸ் வழியாக ஏற்றியவை மட்டும்தான் ஆப்பிள் மெனுவின் கண்ணுக்குத் தெரியுமாம். ராக்பாக்ஸை மட்டும் நீக்கினாலும் இதே கதிதான். ஐடியூன்ஸில் 'ரீஸ்டோர்' கொடுத்தாலோ மொத்தமும் துடைத்துப் போய்விடும்.

நல்லவேளை, முதலில் எல்லாவற்றையும் காப்பி செய்தேன். அப்போதுதான் அப்பாவின் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'காலை', 'டிரெயின்', 'தூக்கம் வராட்டி'. தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயிலில் போனவர். 'டிரெயின்' முழுக்கப் பட்டிமன்றங்கள். கூடவே ஒரு குட்டிக் கோப்பு. கேட்பதை நிறுத்தும் இடத்தை ராக்பாக்ஸ் குறித்துவைக்கும் புக்மார்க் அது. ஐபாடிலேயே திறந்து பார்த்தேன். ஒரு பட்டிமன்றம், 31 நிமிடம் 12 விநாடி.

ரீஸ்டோர் பட்டனை அழுத்த அன்று மனசு வரவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் செய்தேன். இரண்டே கிளிக். சில நிமிடங்களில் புது ஐபாட் மாதிரி மொழி எது என்று கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. அப்பாவின் பாட்டுகளில் பாதிக்கு ஆல்பம் பெயரே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஆல்பம் என்ற இடத்தில் அவர் வைத்த ஃபோல்டர் பெயரையே டைப் செய்தேன். இரண்டு ராத்திரி போனது. இப்போது ஆப்பிள் மெனுவில் 'ஆல்பங்கள்' போனால் 'காலை', 'டிரெயின்', 'தூக்கம் வராட்டி'.

ஐடியூன்ஸில் ஒரு பாட்டு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்று சொல்லவும் வழி இருக்கிறது. அந்தப் பட்டிமன்றத்துக்கு மட்டும் 31:12 என்று போட்டுவைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் வாக்கிங் முடிந்து வந்தவள், "ஏன்டி, ஒண்ணு மட்டும் பாதியிலேர்ந்து ஆரம்பிக்குது?" என்றாள்.

சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஐபாடையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மனுஷன் எதைத்தான் முழுசா கேட்டார்" என்றபடி இயர்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.